கண்ணாடியின் உள்பக்கம்

அன்று காலை நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மைனஸ் பதினான்கு. நோர்வேயில், அம்மருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அம்மா, அப்பா, நான் மூவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று காரின் கண்ணாடிகளைச் சுரண்டினோம்.

2. சுரண்டி முடித்த பிறகும் முன்கண்ணாடி வெள்ளையாகவே இருந்தது. ஐஸ் உள்பக்கத்திலும் இருந்தது.

3. உள்ளே ஏறி அதையும் சுரண்டினேன். தேங்காய்ப்பூப் போல டாஷ்போர்டிலும் மடியிலும் கொட்டியது.

4. அம்மா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சூட்டுக் காற்றை முழு வேகத்தில் வைத்தார். கொட்டிய ஐஸ் உருகியது. உருகியது முழுவதும் கண்ணாடியில் போய்ப் புகாராகப் படிந்தது.

5. அம்மா கம்பளிக் கையுறையால் துடைத்தார். கோடுகோடாகி மறுபடி உறைந்தது. பின்னிருக்கையிலிருந்து அப்பா, "வடிவாத் துடையும், வடிவாத் துடையும்" என்றார்.

6. உள்ளங்கை அளவுக்கு வெளியே தெரிந்தது. அது போதும் என்று நினைத்து, "காணும், போகலாம்" என்று சொன்னது நான்.

7. இரண்டாவது பாதசாரிக் கடவையில் ஒருவர் தன் குழந்தையைச் சறுக்குப் பலகையில் இருத்திக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் ஹான்ட் பிரேக்கை இழுத்தேன். இரண்டு மீற்றர் முன்னே நின்றோம்.

8. அந்த மனிதர் கையை உயர்த்தினார். நன்றி சொன்னாரா, திட்டினாரா என்பது புகாருக்குள்ளால் தெரியவில்லை.

9. அம்மா இறங்கி, காரைச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, "நீ ஓடு" என்றார்.

கார் ஓட்டுவதை எங்கள் வீட்டில் கார் ஓடுவது என்றுதான் சொல்வோம். கண்ணாடியில் படிகிற ஈர மூட்டத்துக்குப் புகார் என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் பின்னால் மறுபடி வரும்.

அம்மா ஏன் ஐம்பத்தாறு வயதில் கார் ஓடப் பழகினார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவர் நகரத்தின் விளிம்பில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரப் பஸ் இல்லை. இருபது வருடமாக அப்பாதான் கொண்டுபோய் விட்டார். சென்ற இலையுதிர் காலத்தில் கண் மருத்துவர் அப்பாவிடம் இனிமேல் கார் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் இடத்துக்கு நான் வந்தேன். ஆனால் எனக்கு மார்ச் முடிவில் தொலைவிலுள்ள ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் புதிய வேலை தொடங்குகிறது. ஆகவே அதற்கு முன் அம்மாவுக்கு உரிமம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அம்மாவின் வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிறு வேலையைச் செய்ய முடியாதவருக்கு வார நாள் வேலை எவ்வளவு காலம் மிஞ்சும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

காரின் பின்னால் சிவப்பு எல் பலகையை ஒட்டிக்கொண்டு நவம்பரில் தொடங்கினோம். பக்கத்து இருக்கையில் நான். இந்த நாட்டுச் சட்டப்படி பழகுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் ஓட்டுநர். எது நடந்தாலும் பொறுப்பு அவருடையது. அந்தக் கடவையில் நடக்கவிருந்தது என் பெயரில் நடக்கவிருந்தது. "காணும், போகலாம்" என்று சொன்னதும் நான்தான். அம்மா இதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலை அம்மா சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் இனி ஓடமாட்டன், பிள்ளை. ஓடினது காணும்."

"அம்மா, அது உங்கடை பிழை இல்லை. கண்ணாடி தெரியேல்லை."

"கண்ணாடி தெரியாட்டி ஓடியிருக்கக் கூடாது. ஐஸ் எனக்குப் பழக்கம். வடக்கிலை, பாட்ஸ்பியோர்டிலை எட்டு வருசம் ஐஸுக்குள்ளை கை வச்சு மீன் வெட்டினனான். அங்கை ஐஸ் மீன்பெட்டிக்குள்ளை இருந்தது. இப்ப என்ரை மூக்குக்கு முன்னாலை இருக்குது."

"நான் அதைச் சரிப்படுத்தித் தந்தா ஓடுவியளோ?"

அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடி, "நீ முதல்லை சரிப்படுத்து" என்றார்.

கட்டடங்களின் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஈரம் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். ஒரு பாடசாலையின் நிலவறை ஏன் ஈரவாடை அடிக்கிறது என்று மூன்று நாளில் சொல்லிவிடுவேன். ஒரு சிறிய காரின் ஈரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வார இறுதி வேலை என்று நினைத்தேன்.

பட்டியல் போட்டேன். உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது, அணைத்தேன். காற்று வடிகட்டி கறுத்துப் போயிருந்தது, மாற்றினேன். கதவு ரப்பர்களைத் துடைத்து, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். நான்கு கதவிலும் இறுக்கமாக இருந்தது. கால்மிதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறையில் காயவைத்தேன். ஏறும்போது முதலில் பக்கவாட்டில் இருந்து, இரண்டு சப்பாத்துகளையும் வெளியே தட்டிப் பனியை உதறிவிட்டுத்தான் கால்களை உள்ளே எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். வீடு திரும்பியதும் நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைத்து உள்ளே உள்ள சூட்டை வெளியேற்றினோம். இதை அம்மா "காரை ஆற விடுறது" என்றார், பால் காய்ச்சி இறக்கியவர் போல.

ஈரத்தை உறிஞ்ச எதையாவது காருக்குள் வைப்பது இங்கே எல்லோரும் செய்வது. பலர் பூனையின் கழிவுப் பெட்டிக்கு வாங்கும் பூனை மண்ணைக் காலுறையில் கட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் பூனை இல்லை, அரிசி இருந்தது. இரண்டு காலுறைகளில் அரிசியை நிரப்பி டாஷ்போர்டில் வைத்தேன். மறுநாள் காலை அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ன?"

"அரிசி."

"காலிலை போடுறதுக்குள்ளை சோத்தரிசியோ? ஆற்றை புத்தி இது?"

"தோய்ச்ச காலுறைதான், அம்மா."

"எட காலுறையைத் தோய்ச்சாலும் காலுறைதானே!"

அரிசி போனது. நான் போய்ப் பூனை மண் வாங்கி வந்தேன்.

பட்டியலின் கடைசியில் இருந்தது மூச்சு. ஒரு மனிதர் விடும் மூச்சில் மணித்தியாலத்துக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். மூன்று பேர் என்றால் மூன்று மடங்கு. அதிலும் அம்மா தெருக்கள் சந்திக்கும் சுற்றுவட்டத்துக்குள் நுழையும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். வெளியே வந்ததும் மொத்தமாக விடுவார். அப்போது கண்ணாடியின் இடது மூலை மங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மாவை இறக்கிவிட முடியாது. நான் இறங்குவது சட்டத்துக்கு விரோதம். மிஞ்சியவர் அப்பா.

அப்பா பின்னிருக்கையில் வந்ததற்குக் காரணம் உண்டு. அவர் ஓடிய கார் அது. அம்மாவுக்கு வழி சொல்வதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "இஞ்சாரும், வலப்பக்கம் பாரும்", "பிரேக்கைப் பிடியும்", "அவன் விடமாட்டான், நில்லும்" என்று முழு வழியும் கதைப்பார். கதைக்கும் ஒருவர் சும்மா இருப்பவரைவிட அதிக ஈரத்தை வெளியே விடுகிறார். நான் இதைத் தாளில் எழுதிக் கணக்கோடு அப்பாவிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "ஓம், சரி. கண்ணாடி தெரியிறதுதானே முக்கியம்" என்றார்.

அதன்பிறகு நாங்கள் புறப்படும்போதெல்லாம் அப்பா ஆறாம் மாடி யன்னலில் நின்றார். அவருக்கு அங்கிருந்து காரின் நிறம் தெரியுமே தவிர, யார் எந்தப் பக்கம் ஏறுகிறோம் என்பது தெரியாது. நான் கை காட்டுவேன். அவர் கை காட்டமாட்டார். நான் காட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது என்பது எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது.

இத்தனைக்குப் பிறகும் காலையில் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஐஸ் இருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஈரமானி ஒன்றைப் பின்னிருக்கையில் வைத்து அளவைத் தினமும் குறித்தேன். குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு மாதம், நான்கு கிழமைதான் இருந்தது. அம்மா வந்தார், ஏறினார். ஆனால் காரைத் தொடக்கும் திறப்பைத் தொடமாட்டார்; நான் சூட்டுக் காற்றைப் போட்டுக் கண்ணாடி தெளியும் வரை காத்திருப்பார். ஒரு நாள் இருபத்தைந்து நிமிடம் காருக்குள் இருந்துவிட்டு ஓடாமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

என் அலுவலகத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் வேலை செய்கிறார். அவருக்கும் ஈரக் கணக்குத்தான் வேலை. மதியச் சாப்பாட்டு மேசையில் அவரிடம் சொன்னேன்:

"அண்டைக்கு அம்மா கார் ஓடேக்கை நல்ல புகார். ஒரு பிள்ளை தப்பினது அருந்தப்பு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயோ, யாரு புகார் குடுத்தாங்க? போலீஸ்லயா?"

"இல்லை, கண்ணாடியிலை புகார். மூடுபனி மாதிரி."

"மிஸ்டா! அம்மாடி. கார் ஓடிச்சுங்கறீங்க, புகார்ங்கறீங்க, குழந்தைங்கறீங்க. இடிச்சிட்டு ஓடிட்டீங்களோன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு!"

இருவரும் சிரித்தோம். நான் சிரிப்பை இரண்டு வினாடி முன்னதாக நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். தொழில் குரலுக்கு மாறினார்.

"ஆள் உட்கார்ந்தா வருது, சரி. யாருமே இல்லாம சும்மா வெயில்ல நிக்கறப்போ வருதா? பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒரு கட்டடமாக இருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி அது.

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காரை யாரும் தொடவில்லை, அம்மாவுக்கு விடுமுறை. ஞாயிறு மதியம் வெயில் எறித்தது. இரண்டு மணிக்குக் கீழே போனேன். இரண்டு நாளாக யாரும் மூச்சுவிடாத காரின் பின்கண்ணாடி உள்பக்கமாகப் புகார் பிடித்து, அடியில் துளிகள் திரண்டிருந்தன. முன்கண்ணாடியில் அதைவிடக் குறைவு. தண்ணீர் காருக்குள்ளேயே இருந்தது. அதுவும் பின்பக்கத்தில்.

தொலைபேசியில் சொன்னதும் அம்மா மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நான் பின்னிருக்கையின் கம்பளத்தைத் தூக்கினேன். காய்ந்திருந்தது. டிக்கியைத் திறந்தேன்.

"அங்கை ஒண்டும் இருக்காது" என்றார் அம்மா.

"பார்க்கிறதுதானே."

"சாமான் எல்லாம் இழுத்துப் போடாதை. குளிருது, வா."

குளிருக்கு அப்படிச் சொல்லும் ஆள் அல்ல அம்மா. டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினேன். மாற்றுச் சக்கரமான ஸ்பெயார் சில்லு வைக்கும் குழியில், சில்லைச் சுற்றி, தட்டுப்போல் வட்டமாக ஐஸ். மேலே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம். ஐஸுக்குள் ஒரு பழைய துவாய். துவாய்க்குள் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், இரண்டும் நெடுக வெடித்து. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

அம்மா குனிந்து அந்த நூலைத் தொட்டார்.

"தீர்த்தம்" என்றார் அம்மா. "எல் பலகை ஒட்டின அண்டைக்குக் கோயிலிலை வாங்கினது. பிளாஸ்டிக்கிலை வைக்கக் கூடாது எண்டு போத்தலிலை எடுத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சிரிப்பாய்."

"நான் எப்ப அம்மா சிரிச்சனான்?"

அம்மா யோசித்தார். "சிரிக்கமாட்டாய். ஒரு லிஸ்ட் போடுவாய்."

நான் மற்றப் போத்தலைச் சுட்டிக்காட்டினேன்.

"ரெண்டாவது போத்தல்?"

"முதலாவது வெடிச்சுப் போச்சு. டிசம்பரிலை. வெடிச்சதோடை விட்டா நல்லதில்லை எண்டு இன்னொண்டு வாங்கி வச்சனான்."

"வெடிச்சதைப் பார்த்தனீங்களோ? பார்த்திட்டுத் தண்ணியைத் துடைக்கேல்லையோ?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்பது போல.

"தீர்த்தத்தைத் துடைச்சுக் குப்பையிலை எறியிறதோ?"

என் பட்டியலில் இருபத்துமூன்று வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியும் காரைப் பற்றியது. காரில் ஏறுகிற ஆட்களிடம் கேட்க வேண்டியது என்று ஒரு வரிகூட இல்லை. பாடசாலைகளில் நான் முதலில் தேடிப் போவது துப்புரவு செய்பவரைத்தான். எந்த வாளி எங்கே கவிழ்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும். வீட்டில் அதைச் செய்யத் தோன்றவில்லை. அம்மாவின் பயத்துக்கு அம்மா ஒரு வழி தேடியிருப்பார் என்பதும் தோன்றவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். அதிலிருந்து எத்தனை கிராம் நீர் வரும் என்று மட்டும் கணக்குப் பார்த்தேன்.

அடுத்த கேள்வி, ஐஸை என்ன செய்வது. அங்கேயே உடைத்து நிலத்தில் போட்டால் ஆட்கள் மிதிப்பார்கள் என்றார் அம்மா. கண்ணாடித் துண்டுகளைக் கவனமாகப் பிரித்தெடுத்து, ஐஸைக் கழுவிய ஒரு பேசினில் வைத்து, லிஃப்டில் மேலே கொண்டுபோனோம். லிஃப்டுக்குள் நாலாம் மாடிக்காரர் ஒருவர் ஏறினார். பேசினைப் பார்த்தார். வெளியே முழங்கால் அளவுக்கு ஐஸ் கிடக்க, இரண்டு பெண்கள் ஐஸை வீட்டுக்குள் கொண்டு போவதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த குணங்களில் அது ஒன்று.

அப்பா கதவைத் திறந்தார். விசயத்தைச் சொன்னேன். போத்தலைத் துவாயில் சுற்றிக் கொடுத்ததே அவர்தான். வெடித்தது மட்டும் அவருக்குத் தெரியாது. பேசினைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப, என்ரை மூச்சிலை பிழை இல்லை?"

"இல்லை அப்பா."

"கதைக்கிறதிலையும் பிழை இல்லை?"

"கதைக்கிறதிலை பிழை இருக்கு" என்றார் அம்மா உள்ளிருந்து. "அது வேறை பிழை."

அப்பா கதிரையில் இருந்தார். இரண்டு கிழமை அவரை யன்னலில் நிற்க வைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாளை நான் எழுதியிருக்கக் கூடாது என்றேன். "கணக்குச் சரிதானே" என்றார் அவர். கணக்குச் சரிதான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஐஸ் உருகி இரண்டரை லீட்டர் வந்தது. அதைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்பதால், யன்னலோரம் நிற்கும் கறிவேப்பிலைச் சாடிக்குத் தினமும் கொஞ்சமாக அப்பா ஊற்றினார். குழியை நான் துணியால் ஒற்றி, அம்மாவின் தலைமயிர் காயவைக்கும் கருவியால் காயவைத்தேன். அந்தத் துணியைக் குப்பையில் போடவில்லை, தனியாகத் தோய்த்தோம்.

மூன்றாம் நாள் காலை கண்ணாடியின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. அம்மா சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சுரண்ட எதுவும் இல்லாமல் நின்றார். பிறகு திறப்புக்குக் கையை நீட்டினார். அந்தக் கடவையில், யாரும் குறுக்கே போகாதபோதும், காரை முற்றாக நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னாலிருந்து அப்பா, "ஒருத்தரும் இல்லை, போம்" என்றார். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அம்மா போனார்.

பெப்ரவரி கடைசியில் தேர்வு. சாரதிப் பாடசாலையின் காரில் அம்மா போனார். நான் வரவேற்பறையில் காத்திருந்தேன். புறப்படும் முன் தேர்வாளர் காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அம்மாவிடம் கேட்டது: கண்ணாடி உள்பக்கமாகப் புகார் பிடித்தால் என்ன செய்வீர்கள்? அம்மா என் இருபத்துமூன்று வரிகளையும் நோர்வேஜிய மொழியில் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினாராம். ஏழாவதில் தேர்வாளர் போதும் என்றாராம். "கடைசி ஒண்டு இருக்கு" என்று சொல்லி, ஸ்பெயார் சில்லுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்றாராம். தேர்வாளர் அதைத் தான் இதுவரை கேள்விப்பட்டதில்லை என்று சிரித்தாராம்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டங்களில் அம்மா காத்து நின்றார். இடைவெளி இருந்தபோதும் நின்றார். ஒன்றில் பின்னால் ஏழு கார்கள். அம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"சரிவரேல்லை. பொறுமை கூடிப் போச்சாம். முப்பது வருசமா உன்ரை அப்பாவோடை இருக்கிறன், ஒருத்தரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை."

இனி ஓடமாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாதான் ஓடினார்.

இன்றைய நிலை: இரண்டாவது தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. நான் புறப்படுவதற்குப் பன்னிரண்டு நாள். சரிவராவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. தினமும் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் சுற்றுவட்டங்களில் பழகுகிறோம். அப்பா பின்னிருக்கையில் இருந்து கதைக்கிறார். டாஷ்போர்ட் பெட்டியில் ஒரு புதிய தீர்த்தப் போத்தல் இருக்கிறது. உறைந்தால் பெருக்க இடம் வேண்டும் என்பதற்காக முக்கால்வாசிதான் நிரப்பியிருக்கிறேன். கண்ணாடியில் புகார் இல்லை.